எதிரிக்கு எதிரி நண்பனா? கடலூர், சிதம்பரம் மண்ணிலிருந்து ஒரு வரலாற்றுப் பாடம்



 

சாமர்த்தியமாக ஏமாற்றித் தப்பிக்கிற ஒருவனைப் பற்றி "அவன் சரியான எம்டன்" என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எம்டன் என்பது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னைத் துறைமுகத்தின் மீது சுமார் 130 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. மக்கள் பட்டணத்தை விட்டுக் கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். கப்பல் இலங்கைப் பக்கம் போய்விட்டது. பெயர் மட்டும் நம் மொழியில் தங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் முஸ்லிம்களிடையே ஒரு கேள்வி இருந்தது. நம்மை அடிமைப்படுத்தியவன் ஆங்கிலேயன். அவனை அடிப்பவன் ஜெர்மானியன். அப்படியானால் ஜெர்மானியன் நமக்கு நண்பன்தானே?

இந்தக் கேள்வி இன்றும் நம்மிடம் இருக்கிறது. ஏதோ ஒரு நாட்டுத் தலைவர் நமக்குப் பிடிக்காத இன்னொரு தலைவரைத் திட்டினால் போதும். அவர் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கிறோம். அவருக்கு துஆவும் கேட்கிறோம். அவர் யார், என்ன செய்தார், யாரைக் கொன்றார் என்று பார்ப்பதில்லை. அதனால் ஜெர்மனிக்கும் முஸ்லிம் உலகத்துக்கும் இருந்த உறவை இன்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். இது எங்கோ நடந்த கதை என்று நினைத்துவிட வேண்டாம். அதன் முதல் பக்கங்கள் நம் கடலூரிலும் சிதம்பரத்திலும் எழுதப்பட்டவை.

ஹைதர் அலி நம்பிய ஜெர்மானியர்

1769-ல் ஹைதர் அலி சென்னை வாசல் வரை படையோடு வந்து நின்றபோது ஆங்கிலேயர்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. அடுத்த ஆண்டே மராட்டியர்கள் மைசூரைத் தாக்கினார்கள். ஆங்கிலேயர்கள் உதவவில்லை. 1779 மார்ச்சில் ஹைதரின் பாதுகாப்பில் இருந்த மாஹேயையும் பிடித்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, ஹைதரிடம் ஒரு தூதரை அனுப்பி அவர் மனதில் என்ன இருக்கிறது என்று அறிய சென்னை கவர்னர் விரும்பினார். ஆனால் எந்த ஆங்கிலேயரையும் ஹைதர் நம்பத் தயாராக இல்லை. இறுதியில் தஞ்சையில் இருந்த கிறிஸ்டியன் ஃப்ரெடெரிக் ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியாரை அனுப்பினார்கள். 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர் அவர். நம் பகுதி மொழிகளை நன்றாகக் கற்றவர். இவர் பொய் சொல்ல மாட்டார் என்று ஹைதர் நம்பினார். 1779-ல் ஷ்வார்ட்ஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பல வாரங்கள் தங்கினார். திரும்பும்போது ஹைதர் வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் சென்னை அரசிடம் ஒப்படைக்க முன்வந்தார் ஷ்வார்ட்ஸ். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொன்ன பிறகு அனாதைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கினார். பின்னர் போர் மூண்டபோது, இவரை யாரும் தொல்லை செய்யக் கூடாது என்று ஹைதர் தன் படைக்கு உத்தரவிட்டார்.

சகோதரர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மார்க்கம் வேறு, நாடு வேறு, அவரை அனுப்பியவன் எதிரி. இருந்தும் ஹைதர் அவரை நம்பினார் என்றால், அவருடைய நேர்மை சோதித்துப் பார்க்கப்பட்டிருந்தது. நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்டபோது வழிகாட்டியாக யாரை அமர்த்தினார்கள்? அப்துல்லாஹ் இப்னு உரைகித். அவர் அப்போது முஸ்லிம் அல்ல. குறைஷிகளின் மார்க்கத்தில் இருந்தவர். குறைஷிகள் பெரும் பரிசு அறிவித்திருந்த நேரத்தில் அவர் காட்டிக் கொடுக்கவில்லை. நம்பிக்கைக்குரியவர் என்று அறிந்துதான் நபியவர்கள் ஒட்டகங்களை அவரிடம் ஒப்படைத்தார்கள். ஒருவரை நம்புவதற்கு அளவுகோல் அவருடைய அமானிதமும் வாக்கும்தான். அவர் யாரைத் திட்டுகிறார் என்பது அளவுகோல் ஆகாது.

ஷ்வார்ட்ஸ் சமாதானம் பேசத்தான் போனார். ஆனால் அவரை அனுப்பியவர்கள் சமாதானத்தை விரும்பவில்லை. தூதர் நேர்மையானவராக இருந்தாலும் அனுப்பியவனின் எண்ணம் கெட்டதாக இருந்தால் என்ன பயன்? 1780 ஜூலையில் ஹைதரின் பெரும்படை மலைக் கணவாய்களைத் தாண்டி நம் பகுதிக்குள் இறங்கியது. அந்தப் போரில் சாதாரண மக்கள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. பரங்கிப்பேட்டையே சூறையாடப்பட்டது. சூறையாடியது மைசூர்ப் படை. நம்மவர் செய்தார் என்பதற்காக இதை மறைக்கக் கூடாது.

சிதம்பரம், பரங்கிப்பேட்டை, கடலூர்

1781 ஜூனில் சிதம்பரம் கோயிலின் மதிலுக்குள் ஹைதரின் படை காவல் இருந்தது. அதற்கு முன்னரே பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் அந்த மதிலைக் கோட்டையாகப் பயன்படுத்தியிருந்தார்கள். ஆங்கிலத் தளபதி அயர் கூட் அதைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். ஆனால் ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டை அருகே நடந்த பெரும் போரில் ஹைதர் தோல்வி கண்டார்.

1782-ல் பிரெஞ்சுப் படை பரங்கிப்பேட்டையில் இறங்கி, ஹைதரின் படையோடு சேர்ந்து கடலூரைப் பிடித்தது. அந்த ஆண்டு டிசம்பர் 7 அன்று ஹைதர் மறைந்தார். திப்பு சுல்தான் பொறுப்பேற்றார். 1783 ஜூனில் ஆங்கிலேயப் படை கடலூரை முற்றுகையிட்டது. அந்தப் படையில் இருந்தவர்களில் ஒரு பகுதியினர் ஜெர்மானியர்கள்! இங்கிலாந்தின் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஜெர்மனியின் ஹனோவர் நாட்டுக்கும் அதிபர். அங்கே 1781-ல் இரண்டு ரெஜிமென்ட்கள் திரட்டி, கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் போரிட அனுப்பினார். அந்த வீரர்களுக்கும் மைசூருக்கும் எந்தப் பகையும் இல்லை. சம்பளத்துக்கு வந்தவர்கள். ஜூன் 13 அன்று கடலூரில் அவர்களில் பலர் மடிந்தார்கள்.

ஒரே நாட்டார், நான்கே ஆண்டு இடைவெளி. ஒருவர் ஹைதரிடம் உண்மையாக நடந்தார். மற்றவர்கள் அவருடைய மகனின் கூட்டணிக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கினார்கள். அப்படியானால் ஜெர்மானியன் நண்பனா, எதிரியா? கேள்வியே தவறு. ஓர் இனத்தாரை மொத்தமாக நண்பன் என்றோ எதிரி என்றோ எழுதிவிட முடியாது.

இன்னொரு பாடமும் அந்த முற்றுகையில் இருக்கிறது. கடலூருக்குள் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் திப்புவின் கூட்டாளிகள். ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்ஸும் சமாதானம் ஆகிவிட்டன என்ற செய்தி ஜூன் இறுதியில் கப்பலில் வந்தது. உடனே சண்டை நின்றது. மேற்குக் கரையில் மங்களூரை முற்றுகையிட்டிருந்த திப்புவோடு நின்ற பிரெஞ்சு வீரர்களும் போரிலிருந்து விலகினார்கள். ஒரே செய்தியில் கூட்டாளி காணாமல் போனான். எதிரிக்கு எதிரி நண்பன் என்பவர்கள், அந்த இரண்டு பேரும் கை குலுக்கிக்கொள்ளும் நாளை யோசித்துப் பார்க்க வேண்டும்.

டமாஸ்கஸில் ஒரு மலர் வளையம்

இனி நூறாண்டுகள் கடந்து வருவோம். 1898-ல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், கைசர் என்று சொல்வார்களே அவர், உஸ்மானியப் பேரரசுக்கு வந்தார். டமாஸ்கஸில் ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தில் வெண்கல மலர் வளையம் வைத்தார். நவம்பர் 8 அன்று விருந்தில் பேசும்போது, உலகின் முப்பது கோடி முஸ்லிம்களுக்கும் தான் என்றென்றும் நண்பன் என்று அறிவித்தார். முஸ்லிம் உலகம் மகிழ்ந்தது.

ஆனால் அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததைக் கேளுங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவின் கரையில், ஜெர்மானியர்கள் ஆட்சியைப் பிடித்தபோது அரபு, ஸ்வாஹிலி முஸ்லிம்கள் எதிர்த்து எழுந்தார்கள். அவர்களின் தலைவர் அபூஷிரி இப்னு ஸாலிமை 1889 டிசம்பர் 15 அன்று ஜெர்மானியர்கள் தூக்கிலிட்டார்கள். அந்த முப்பது கோடியில் அபூஷிரியின் மக்கள் சேரவில்லை போலும்!

கைசரின் நட்பில் பயன் இல்லாமலும் இல்லை. மதீனாவுக்கு ரயில் கொண்டு சென்ற ஹிஜாஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் மைஸ்னர் ஜெர்மானியர்தான். 1908-ல் ரயில் மதீனாவை அடைந்தது. இந்திய முஸ்லிம்களும் அதற்கு நன்கொடை அனுப்பினார்கள். நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும். அதற்குப் பின்னால் இருந்த கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்து, பிரான்ஸ், ரஷ்யா ஆகிய மூன்றுக்கும் கோடிக்கணக்கான முஸ்லிம் குடிமக்கள் இருந்தார்கள். அவர்கள் எழுந்தால் ஜெர்மனிக்கு லாபம்.

1914: ஃபத்வாவும் வதந்தியும்

முதல் உலகப் போரில் துருக்கி ஜெர்மனியோடு சேர்ந்தது. 1914 நவம்பர் 14 அன்று இஸ்தான்புல் ஃபாத்திஹ் பள்ளிவாசலில் ஜிஹாத் ஃபத்வா வாசிக்கப்பட்டது. இங்கிலாந்து, பிரான்ஸ், ரஷ்யா ஆகியவற்றின் கீழ் வாழும் முஸ்லிம்கள் எழ வேண்டும் என்றது அது. ஆப்பிரிக்காவில் ஜெர்மனியின் கீழ் வாழ்ந்த முஸ்லிம்களுக்கு அந்த அழைப்பு இல்லை. அடிமைத்தனம் தவறு என்றால் எல்லோர் கையிலும் தவறுதானே? இந்த இடத்திலேயே கணக்கு வெளிப்பட்டுவிட்டது.

பெர்லினில் மாக்ஸ் வான் ஓப்பன்ஹைம் என்பவர் ஓர் அலுவலகம் நடத்தினார். அரபு, உருது, ஹிந்தி எனப் பல மொழிகளில் பிரச்சாரம் அங்கிருந்து போனது. கைசர் ரகசியமாக இஸ்லாத்தை ஏற்றுவிட்டார், அவர் இப்போது 'ஹாஜி வில்ஹெல்ம்' என்ற வதந்தி பல நாடுகளில் பரவியது. அது பொய்.

அந்தப் பொய்யின் விலை என்ன? எம்டன் கப்பலோடு சேர்ந்த சில ஜெர்மானியர்கள் சிங்கப்பூரில் டாங்லின் முகாமில் கைதிகளாக இருந்தார்கள். அவர்களுக்குக் காவல் நின்றவர்களில் இந்திய முஸ்லிம் சிப்பாய்கள் நிறைந்த ஐந்தாம் லைட் இன்ஃபன்ட்ரி படையும் இருந்தது. துருக்கிக்கு எதிராகப் போரிட நம்மை அனுப்பப் போகிறார்கள் என்று அந்தச் சிப்பாய்களிடையே பேச்சு. உண்மையில் அவர்கள் அனுப்பப்பட இருந்தது ஹாங்காங்குக்கு. 1915 பிப்ரவரி 15 அன்று கலகம் வெடித்தது. ஆயுதமில்லாத பொதுமக்களும் கொல்லப்பட்டார்கள். சிப்பாய்கள் முகாமின் கதவைத் திறந்து ஜெர்மானியர்களை அழைத்தார்கள். பெரும்பாலோர் சேர மறுத்துவிட்டார்கள். எம்டன் அதிகாரி லாட்டர்பாக் உட்படச் சிலர் இதுதான் சமயம் என்று தப்பி ஓடிவிட்டார்கள். கலகம் சில நாட்களில் அடங்கியது. 47 சிப்பாய்கள் ஊரார் பார்க்கச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிறந்த மண்ணை மறுபடி பார்க்காமலேயே அந்த வாலிபர்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. விசாரிக்காவிட்டால் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்து, பிறகு வருந்துவீர்கள் என்ற எச்சரிக்கையும் அதில் இருக்கிறது. சிங்கப்பூரில் நடந்தது அதுவே.

நம் பக்கமும் எம்டனைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. சுதந்திரப் போராளி செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று மேடைகளில் சொல்வார்கள். எம்டன் 1914 ஜூலை இறுதியில் சீனாவின் சிங்தாவோ துறைமுகத்திலிருந்து கிளம்பியது. செண்பகராமன் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். அவருடைய தியாகத்துக்கு இந்தக் கதை தேவையே இல்லை. நல்லவர்களைப் பற்றியும் உண்மையை மட்டுமே சொல்வோம்.

முகாமில் ஒரு பள்ளிவாசல்

பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃப் என்ற ஊரில் முஸ்லிம் போர்க் கைதிகளுக்கு ஒரு முகாம். பெயர் 'பிறை முகாம்'. அங்கே 1915 ஜூலையில், ரமளான் நேரத்தில், மரத்தால் ஒரு பள்ளிவாசல் கட்டித் திறந்தார்கள். ஜெர்மனியில் தொழுகைக்காகக் கட்டப்பட்ட முதல் பள்ளிவாசல் அது. ஏன் கட்டினார்கள்? கைதிகளின் மனதை மாற்றி, துருக்கிப் படையில் சேர்த்து, மறுபடி போருக்கு அனுப்புவதற்காக. போர் முடிந்தது, தேவையும் முடிந்தது. சில ஆண்டுகளில் அந்தப் பள்ளிவாசல் பழுதடைந்து இடிக்கப்பட்டது. அருகில் உள்ள மையவாடியில் இந்து, சீக்கிய, முஸ்லிம் என 206 இந்தியர்கள் அடங்கியிருக்கிறார்கள். அங்கே தொழுதவர்களின் இக்லாஸை அல்லாஹ் அறிவான். கட்டியவனின் எண்ணம் வேறு, ஸஜ்தா செய்தவனின் எண்ணம் வேறு.

அதே ஆண்டு ஒரு ஜெர்மன் தூதுக்குழு காபூலுக்குப் போனது. ராஜா மகேந்திர பிரதாப்பும் மவ்லானா பர்கத்துல்லாஹ்வும் உடன் சென்றார்கள். 1915 டிசம்பர் 1 அன்று இந்தியாவின் தற்காலிக அரசை அங்கே அறிவித்தார்கள். ஒரு இந்து அதற்குத் தலைவர், ஒரு முஸ்லிம் ஆலிம் பிரதமர். ஷைகுல் ஹிந்த் மவ்லானா மஹ்மூத் ஹஸன் (ரஹ்) அவர்கள் ஹிஜாஸில் கைது செய்யப்பட்டு மால்டா தீவில் சிறை இருந்தார்கள். இந்தப் பெரியவர்களின் நிய்யத்தில் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை. அவர்கள் ஜெர்மனிக்காக உழைக்கவில்லை, நாட்டு விடுதலைக்காக உழைத்தார்கள். ஆனால் ஜெர்மன் அதிகாரிகள் 1916 மே மாதம் காபூலை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். வாக்களித்த படையும் ஆயுதமும் வரவே இல்லை.

1918-ல் ஜெர்மனி தோற்றது. கைசர் நெதர்லாந்துக்கு ஓடினார். 1924 மார்ச் 3 அன்று துருக்கியில் கிலாஃபத்தும் ஒழிக்கப்பட்டது. ஸலாஹுத்தீன் (ரஹ்) அவர்களுக்கு வைத்த அந்த மலர் வளையம் எங்கே தெரியுமா? 1918-ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்று லண்டனில் ஒரு போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒருவர் நட்புக்கு அடையாளமாக வைத்தது, மற்றவருக்கு வெற்றிப் பொருளாகப் போய்விட்டது.

ஹிட்லரைப் புகழும் இளைஞர்களுக்கு

இதை மிகுந்த கவலையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பாலஸ்தீனத்தில் நடக்கும் கொடுமைகளைப் பார்த்து மனம் கொதிக்கும் சில இளைஞர்கள், ஹிட்லர் செய்தது சரி என்று எழுதுகிறார்கள். சகோதரர்களே, இது ஹராமான பேச்சு. குழந்தைகள், பெண்கள், முதியவர்கள் எனப் பல லட்சம் யூதர்களைக் கொன்றவன் அவன். ஓர் அநியாயத்துக்கு இன்னோர் அநியாயம் பதில் ஆகாது.

அவன் முஸ்லிம்களுக்காவது நண்பனாக இருந்தானா? பாலஸ்தீன முஃப்தி அமீன் அல்ஹுஸைனி 1941 நவம்பர் 28 அன்று பெர்லினில் அவனைச் சந்தித்து, அரபு நாடுகளின் விடுதலையை ஆதரித்துப் பகிரங்கமாக அறிவிக்கக் கேட்டார். அவன் அறிவிக்கவில்லை. அதே ஆண்டு ரஷ்யப் போர்முனையில் பிடிபட்ட முஸ்லிம் வீரர்களில் பலரை, கத்னா செய்திருந்ததால் யூதர்கள் என்று கருதி ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்றார்கள்.

இன்னொரு பெயரையும் நினைவில் வையுங்கள்: நூர் இனாயத் கான். திப்பு சுல்தானின் வம்சத்தில் வந்த பெண். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்துப் பாரிஸில் ரகசிய வானொலித் தகவல் பணி செய்தார். காட்டிக் கொடுக்கப்பட்டு, சித்திரவதை செய்யப்பட்டு, 1944 செப்டம்பர் 13 அன்று டாகாவ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 30. திப்பு எதிர்த்தது ஆங்கிலேயரை. அவருடைய வம்சத்துப் பெண் ஆங்கிலேயரோடு சேர்ந்து எதிர்த்தது ஜெர்மன் கொடுங்கோலை. எதிரி மாறினான். அநியாயத்தை எதிர்ப்பது என்ற நிலை மாறவில்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

இன்றைய ஜெர்மனி வேறு நாடு. 1961-ல் துருக்கியோடு செய்த ஒப்பந்தத்தின்படி தொழிலாளர்கள் அங்கே போனார்கள். இன்று ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அங்கே வாழ்கிறார்கள். 2015-ல் சிரியா அகதிகளுக்கு அந்த நாடு கதவைத் திறந்தது. நம் பிள்ளைகளும் படிக்கவும் வேலைக்கும் அங்கே போகிறார்கள். அதன் நல்லதை நல்லது என்றும், தவறைத் தவறு என்றும் சொல்ல நமக்குத் தயக்கம் வேண்டாம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் எட்டாவது வசனம் தரும் கட்டளை. விருப்பத்துக்கும் அதே விதிதான்.

அபிசீனியாவின் நஜ்ஜாஷி மன்னரை நினைத்துப் பாருங்கள். நாடு விட்டு வந்த ஸஹாபாக்களைத் திருப்பித் தரச் சொல்லி குறைஷிகள் பரிசுகளோடு வந்தார்கள். அவர் இரு தரப்பையும் விசாரித்தார். பரிசைத் திருப்பிக் கொடுத்தார். லாபம் ஒரு பக்கம் இருந்தும் நீதியின் பக்கம் நின்றார். நட்பு என்றால் அது.

வாக்கை நாம் முதலில் காப்பாற்ற வேண்டும். ஹுதைஃபா (ரலி) அவர்களும் அவர்களின் தந்தையும் பத்ருக்கு முன் குறைஷிகளிடம் பிடிபட்டு, போரில் கலந்துகொள்ள மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து விடுதலை பெற்றார்கள். பத்ரில் ஒவ்வோர் ஆளும் தேவைப்பட்ட நேரம். ஆனாலும் எதிரிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும்படி நபி (ஸல்) அவர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கடைக் கணக்கிலும், வீட்டு வாடகையிலும், பங்காளித் தகராறிலும் நாம் கொடுக்கும் வாக்குக்கும் இதே சட்டம்தான்.

அடுத்த முறை ஒரு தலைவரைப் புகழும் செய்தி உங்கள் போனுக்கு வரும்போது, அனுப்புவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது உண்மையா? இவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றியவரா? இவர் கையில் அப்பாவிகளின் இரத்தம் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால் அந்தச் செய்தி உங்களோடு நிற்கட்டும். நம் நம்பிக்கையை அல்லாஹ்வின் மீது வைப்போம். அரசர்கள் மீது வைத்தவர்களின் கதையைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம்.

யா அல்லாஹ்! உண்மையை உண்மையாக அறிந்து பின்பற்றும் பாக்கியத்தை எங்களுக்குத் தருவாயாக! யாருக்கும் அநீதி செய்யாமலும், யாருடைய அநீதிக்கும் துணை போகாமலும் எங்களைக் காப்பாயாக! எங்கள் பிள்ளைகளை வதந்திகளிலிருந்தும் குழப்பங்களிலிருந்தும் பாதுகாப்பாயாக! கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் கூட்டத்தில் எங்களைச் சேர்ப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.